சிறு மானியமும் நமது மலையும்

மலையகத்தில் வாழும் நமக்கு மண்சரிவு பாடநூலில் மட்டும் படிக்கும் விடயமன்று. ஹட்டனிலிருந்து நுவரெலியாவுக்குப் பஸ்ஸில் போகும்போது, சரிந்த மண்ணை ஒதுக்கி ஒரு பக்கத்தால் மட்டும் வாகனங்களை விடும் இடங்களைப் பலமுறை கடந்திருக்கிறோம். 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன் வரிசைகள் குடும்பங்களோடு மண்ணுக்குள் போயின. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொண்டுவந்த மழையில் நுவரெலியா, பதுளை, கண்டி, மாத்தளை மாவட்டங்களின் மலைகள் இடமிடமாகச் சரிந்தன. அத்தகைய நாட்களில் உலர் உணவும் உடுதுணியும் சேர்த்து அனுப்புகிறோம். அது நம் கடமை. அதனோடு நாம் மறந்துவிடும் இன்னொரு கடமையும் உண்டு. அது நமது மலையைப் படிப்பது.

நான் புவியியல் கற்பிப்பவள். பல்கலைக்கழகம் செல்லும் நம் மாணவிகள் பலர், ஆய்வு செய்வதற்கும் மாநாடுகளுக்குச் செல்வதற்கும் சிறு மானியங்கள் உண்டென்பதையே அறியாமல் பட்டம் பெற்று வெளியேறுவதைப் பார்க்கிறேன். அம்மானியங்கள் எதற்கு, அவற்றைக் கேட்பது எப்படி என்பதை மாணவிகளும் பெற்றோரும் அறிந்துகொள்வதற்காகவே இதனை எழுதுகிறேன்.

மழையின் கணக்கு

முதலில் ஒரு சிறு கணக்கு. ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் அங்கே விழுந்த நீர் ஒரு லீற்றர். லயத்துக்குப் பின்னாலுள்ள சரிவு 50 மீற்றர் நீளமும் 20 மீற்றர் அகலமும் கொண்டதென வைத்துக்கொள்வோம். அதன் பரப்பு 1,000 சதுர மீற்றர். ஒரே நாளில் அங்கே 150 மில்லிமீற்றர் மழை பெய்தால், விழும் நீர் 150,000 லீற்றர். எடையில் அது 150 தொன்.

150 என்ற எண்ணை எடுத்ததற்குக் காரணம் உண்டு. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைக்கு மூன்று படிகளைச் சொல்லி வருகிறது. 24 மணித்தியால மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாயிருக்க வேண்டும். 100 ஐத் தாண்டினால் வெளியேற ஆயத்தமாக வேண்டும். 150 ஐத் தாண்டினால் வெளியேற வேண்டும்.

இந்த நீர் மலையில் என்ன செய்கிறது? நமது மலைகளின் அடியில் இருப்பது ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழைமையுடைய உருமாறிய பாறை. புவிச்சரிதவியலாளர் இதனை உயர்நிலத் தொகுதி என்பர். அப்பாறை காலங்காலமாக வெயிலிலும் மழையிலும் உக்கி, மேலே தடித்த மண் போர்வையாகிக் கிடக்கிறது. மண் துகள்கள் ஒன்றோடொன்று உராய்ந்து பிடித்துக்கொண்டிருப்பதால்தான் சரிவு நிற்கிறது. துகள்களுக்கு இடையிலுள்ள வெளிகளை நீர் நிரப்பி அழுத்தும்போது அந்தப் பிடி தளர்கிறது. சரிவின் அடிவாரத்தை வெட்டி வீடோ வீதியோ அமைத்திருந்தால், கான்கள் தூர்ந்து நீர் வழிந்தோட இடமில்லாதிருந்தால், மண் இன்னும் விரைவில் இளகும்.

சரிவதற்கு முன் மலை பெரும்பாலும் அறிகுறி காட்டும். நிலத்தில் வெடிப்புத் தோன்றும். மரங்கள் சாயும். கதவுகள் இறுகும். தெளிந்த நீர் வரும் பீலியில் திடீரெனக் கலங்கல் வரும், அல்லது நீர் நின்றுபோகும். இவற்றை முதலில் காண்பவர்கள் அங்கேயே குடியிருக்கும் மக்கள். அவர்கள் கண்டதை அளந்து, எழுதி, உரியவரிடம் சேர்க்க ஓர் ஆள் வேண்டும்.

வரைபடத்தில் நான்கு மில்லிமீற்றர்

இதையெல்லாம் அரசாங்கம் செய்யவில்லையா என்று கேட்கலாம். செய்கிறது. 1990 களில் மண்சரிவு அபாய வலய வரைபடங்கள் தயாரிக்கும் வேலை பதுளை, நுவரெலியா மாவட்டங்களில்தான் தொடங்கியது. 1:10,000 என்ற அளவுத்திட்டத்தில் வரைந்த அப்படங்கள் பெருமதிப்புள்ளவை. ஆனால் அந்த அளவுத்திட்டத்தில் நிலத்தின் 100 மீற்றர் தாளில் ஒரு சென்ரிமீற்றராகிவிடும். 40 மீற்றர் நீளமான லயம் ஒன்று அங்கே நான்கு மில்லிமீற்றர். அந்த நான்கு மில்லிமீற்றருக்குப் பின்னாலுள்ள கான் அடைபட்டிருக்கிறதா, போன வருடம் இல்லாத வெடிப்பு இவ்வருடம் தெரிகிறதா என்பதை வரைபடம் காட்டாது. அதனைக் காட்டுவது ஒரு பிரிவை, ஒரு சரிவை, ஒரு பீலியை மாதக்கணக்கில் பார்த்து எழுதும் சிறிய ஆய்வுதான். சிறிய ஆய்வுக்குப் பெரிய பணம் வேண்டியதில்லை. சிறு மானியத்தின் இடம் இதுவே.

மீரியபெத்தை இன்னொரு பாடத்தையும் தருகிறது. அந்த இடம் ஆபத்தானதென 2005 இலும் 2011 இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. அப்படியிருந்தும் 2014 இல் மக்கள் அங்கேயே இருந்தார்கள். மாற்று வீடும் காணியும் இல்லாதவர்களுக்கு எச்சரிக்கை மட்டும் போதாது. அறிக்கையில் உள்ளதை லயத்து மக்களின் மொழியில் எடுத்துச் சொல்லவும், அவர்கள் கேட்பதை அதிகாரிகளிடம் எடுத்துச் சொல்லவும் அந்த மண்ணை அறிந்த ஆய்வாளர்கள் வேண்டும். அவர்கள் நம் வகுப்பறைகளிலிருந்துதான் வர வேண்டும்.

சிறு மானியம் என்பது என்ன?

ஆய்வு மானியம் கடனன்று, பரிசுமன்று. ஒரு கேள்விக்கு விடை தேடுவதற்காக, கணக்குக் காட்டும் பொறுப்போடு ஒருவரிடம் ஒப்படைக்கும் பணம். களத்துக்குப் போகும் பஸ் கட்டணம், மழைமானி, மண் மாதிரியை ஆய்வுகூடத்தில் பரிசோதிக்கும் கட்டணம், வரைபடங்கள், உதவியாளருக்கான நாட்கூலி போன்றவை அதில் அடங்கும். பயண மானியம் வேறு வகை. அது மாநாட்டுப் பதிவுக் கட்டணம், விமானச் சீட்டு, விசா, தங்குமிடம் ஆகியவற்றுக்கானது.

நமது நாட்டில் தேசிய விஞ்ஞான மன்றம் ஆய்வு மானியங்களையும், வெளிநாட்டு மாநாடுகளில் ஆய்வுரை வழங்குவோருக்குப் பயண உதவியையும் வழங்கி வந்திருக்கிறது. பாடசாலை மாணவருக்கான விஞ்ஞான ஆய்வுப் போட்டிகளையும் அது நடத்தியுள்ளது. உலக அளவில் பார்த்தால், 1972 இல் தொடங்கி ஸ்டொக்ஹோமிலிருந்து இயங்கிய சர்வதேச விஞ்ஞான மன்றம், வளர்முக நாடுகளின் இளம் ஆய்வாளர்களுக்கு 12,000 டொலர் வரையிலான சிறு மானியங்களை வழங்கியது. அதே 1972 இல் தொடங்கிய சர்வதேச புவி விஞ்ஞான நிகழ்ச்சித்திட்டம், யுனெஸ்கோவின் துணையோடு, பல நாட்டு ஆய்வாளர் கூடி வேலை செய்யச் சிறிய தொகைகளைத் தருகிறது. வியன்னாவில் ஆண்டுதோறும் கூடும் ஐரோப்பிய புவி விஞ்ஞான ஒன்றியமும், அமெரிக்க புவிப்பௌதிக ஒன்றியமும் தம் மாநாடுகளுக்கு வரும் இளம் ஆய்வாளர்களுக்குப் பயண உதவி வழங்குகின்றன. விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஆகவே அந்தந்த ஆண்டின் அறிவித்தலைப் பார்த்தே விண்ணப்பிக்க வேண்டும்.

கேட்பது எப்படி?

முதலாவது, கேள்வி சிறியதாக இருக்க வேண்டும். “மலையகத்தில் மண்சரிவுகள்” என்பது தலைப்பு, கேள்வியன்று. “எமது பிரிவின் பீலியில், எவ்வளவு மழைக்குப் பின், எத்தனை மணித்தியாலத்தில் நீர் கலங்குகிறது?” என்பது கேள்வி. அதற்கு விடை காண முடியும். விடை கண்டபின் அது ஒருவருக்குப் பயன்படும்.

இரண்டாவது, பணம் வருமுன்பே சிறிது வேலை செய்து காட்ட வேண்டும். நேரான சுவருள்ள ஒரு பிளாஸ்டிக் போத்தலின் மேற்பகுதியை வெட்டிக் கவிழ்த்துப் புனலாக்கி, மட்டமான அடிவரை சிறிது நீர் நிரப்பி, அங்கிருந்து அளவுகோலை ஒட்டினால் மழைமானி ஆயிற்று. தினமும் ஒரே நேரத்தில் பார்த்து எழுதுங்கள். மூன்று மாதம் விடாமல் எழுதிய கொப்பி, விண்ணப்பத்தின் எந்த அழகிய வசனத்தையும்விடப் பலமானது. மழை நேரத்தில் மட்டும் சரிவுக்கோ ஓடைக்கோ போகவே வேண்டாம். அளவைகளெல்லாம் பாதுகாப்பான முற்றத்திலிருந்தே எடுக்கலாம்.

மூன்றாவது, செலவுக் கணக்கை உள்ளபடி எழுத வேண்டும். பஸ் கட்டணம் எத்தனை தடவை, பரிசோதனை எத்தனை மாதிரிக்கு என்று ஒவ்வொன்றுக்கும் காரணம் காட்டினால், வாசிப்பவருக்கு இவள் வேலையை யோசித்துப் பார்த்திருக்கிறாள் என்ற நம்பிக்கை வரும்.

நான்காவது, திகதி. பயண உதவிக்கான இறுதித் திகதி மாநாட்டுக்குப் பல மாதம் முன்னரே வந்துவிடும். பரிந்துரைக் கடிதம் தரும் விரிவுரையாளருக்கும் சில வாரம் வேண்டும். நிராகரிக்கப்பட்டால் காரணத்தைக் கேட்டு, திருத்தி, அடுத்த ஆண்டு மீண்டும் அனுப்புங்கள்.

மாநாட்டுக்கு ஏன் போக வேண்டும்?

இணையத்தில் எல்லாம் கிடைக்கும்போது இவ்வளவு செலவழித்துப் போவானேன் என்று சிலர் கேட்பதுண்டு. 2020 ஆகஸ்ட் 6 ஆம் திகதி இரவு, கேரளத்தின் மூணாறுக்கு அருகே பெட்டிமுடியில் தேயிலைத் தோட்ட லயங்களின் மேல் மலை சரிந்து 70 பேர் இறந்தனர். பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தினர். மின்சாரமும் தொலைத்தொடர்பும் இல்லாதிருந்ததால் செய்தி விடிந்த பின்னரே வெளியே தெரிந்தது. அங்கும் நம்முடையதைப் போன்ற பழைய உருமாறிய பாறைதான். அதே தேயிலை, அதே லயம், அதே மொழி. பெட்டிமுடியைப் படித்த ஒருத்தியும் மீரியபெத்தையைப் படித்த ஒருத்தியும் ஒரே மண்டபத்தில், தம் வரைபடங்களை அருகருகே மாட்டிவைத்து அரை மணி நேரம் பேசினால், இருவரும் தனித்தனியே பல மாதம் தேடியும் காணாததைக் காணக்கூடும்.

அத்தகைய மண்டபங்கள் இருக்கின்றன. 2002 இல் கியோட்டோவில் உருவான சர்வதேச மண்சரிவுக் கூட்டமைப்பு 2008 இல் டோக்கியோவில் முதலாவது உலக மண்சரிவு மாநாட்டை நடத்தியது. ஆறாவது மாநாடு 2023 இல் இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் நடந்தது. நமது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனமும் அக்கூட்டமைப்பில் பங்குகொள்கிறது.

இத்துறை நமக்குப் புதியதுமன்று. கொழும்பில் 1877 இல் பிறந்த ஆனந்த குமாரசுவாமியைக் கலை அறிஞராகவே பலர் அறிவர். அவர் முதலில் புவிச்சரிதவியலாளர். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் அளவையின் பணிப்பாளராக இருந்தவர். பின்னர் தோரியனைட் எனப் பெயர்பெற்ற கனிமத்தை முதலில் விவரித்தவர். கண்டிப் பகுதியில் கிடைத்த இன்னொரு கனிமத்தைப் பிரயர் என்பவரோடு சேர்ந்து ஆராய்ந்தார். அதற்கு இட்ட பெயர் செரண்டிபைட். அரபு வணிகர் நம் தீவை அழைத்த ‘செரண்டிப்’ என்ற பெயர் இன்றும் உலகின் கனிமப் பட்டியலில் இருக்கிறது.

பெற்றோருக்குச் சில வார்த்தைகள்

மகளை மலைச்சரிவுக்கு ஆய்வுக்கு அனுப்பவும், கடல் கடந்த மாநாட்டுக்கு அனுப்பவும் உங்களுக்குத் தயக்கம் இருப்பது இயல்பே. யாரோடு போகிறாள், எங்கே தங்குகிறாள், செலவை யார் ஏற்கிறார்கள் என்று கேளுங்கள். பெண் விரிவுரையாளர் ஒருவரும் உடன் வருவாரா என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. முறையான மானியம் எதுவும் இக்கேள்விகளுக்கு எழுத்தில் விடை தரக்கூடியதாகவே இருக்கும்.

அதே வேளையில் ஒரு வரலாற்றையும் நினைவில் வையுங்கள். லண்டன் பெட்போர்ட் மகளிர் கல்லூரியில் புவிச்சரிதவியல் கற்பித்த கத்தரின் ரெய்சின் அம்மையாருக்கு, 1893 இல் லண்டன் புவிச்சரிதவியல் சங்கம் லயல் நிதியிலிருந்து ஆய்வுத் தொகை வழங்கியது. அச்சங்கத்தின் விருதொன்றைப் பெற்ற முதற்பெண் அவரே. ஆனால் சங்கக் கூட்டத்துக்குள் பெண்கள் வர அனுமதியில்லை. அவருக்குரியதை அவர் சார்பில் பேராசிரியர் பொனி போய் வாங்கினார். பெண்கள் அச்சங்கத்தில் அங்கத்துவம் பெற 1919 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அன்று கதவு வெளியிலிருந்து பூட்டப்பட்டிருந்தது. இன்று அது திறந்திருக்கிறது. அதனை நாம் உள்ளிருந்து பூட்டாதிருப்போம்.

நம்மில் பலர் தோட்டத்து லயத்தில் இல்லாமல், நகரத்துக் கடைத்தெருவில் வாழ்பவர்கள். ஆனால் நம் கடைகளுக்கு அரிசி மூட்டை வரும் வீதியும் அந்த மலையின் இடுப்பில்தான் போகிறது. மேலே தோட்டத்தில் அடைபடும் கானின் நீர் கீழே நம் வீட்டுச் சுவருக்கே வருகிறது. மலை எல்லோருக்கும் பொது. அதனைப் படிக்கும் பொறுப்பும் அப்படியே.

மாணவிகளே, இம்மாதமே ஒரு மழைமானி செய்து வையுங்கள். கொப்பியின் முதற்பக்கத்தில் ஊரின் பெயரையும் திகதியையும் எழுதுங்கள். அடுத்த பக்கத்தில் உங்கள் மலையைப் பற்றி உங்களுக்கு விடை தெரியாத ஒரே ஒரு கேள்வியை எழுதுங்கள். அந்தக் கேள்விதான் உங்கள் முதல் விண்ணப்பத்தின் முதல் வரி.