நொச்சியை ஆடு ஏன் ஒதுக்குகிறது?

கேள்வி: எங்கள் ஆடுகள் கோவைக்கொடி முதல் முள் நிறைந்த இலந்தை வரை எதையும் விட்டுவைப்பதில்லை. நொச்சியை மட்டும் முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகின்றன. அது ஆட்டுக்கு விஷம் என்கிறார்களே, உண்மையா?
– வாசகி, தோவாளை

பதில்: அருமையான கேள்வி அம்மா. பாதி விடையை உங்கள் ஆடுகளே சொல்லிவிட்டன: அவை முகர்ந்து பார்க்கின்றன.

விஷம் என்ற எண்ணத்தை முதலில் விலக்கிவிடுவோம். தழை அற்றுப்போகும் கோடையில் நொச்சியையும் ஆடு ஒன்றிரண்டு வாய் கடிக்கும், அதனால் சாவதில்லை. கொஞ்சம் தின்றால் கேடில்லை, வயிறு நிறையத் தின்றால்தான் தொல்லை.

ஏன் என்று பார்க்க, ஓர் இலையைத் திருப்புங்கள். அடிப்புறம் வெளுத்திருப்பது நுண்ணிய மயிர்களால். அவற்றினூடே சுரப்பு மயிர்களும் உண்டு. நுனியில் எண்ணெய் தேக்கிவைத்திருக்கும் மயிர்கள் அவை. கசக்கினால் உடைந்து, எண்ணெய் ஆவியாகி மணக்கும். மிளகிலும் கிராம்பிலும் உள்ள காரியோஃபிலின் என்ற மணப்பொருள் இதிலும் இருக்கிறது.

ஆடு தின்ற தழையின் நாரைச் செரிக்க வைப்பவை ரூமன் என்னும் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள். இத்தகைய எண்ணெய் மிகுந்தால் அவற்றின் வேலை மந்தமாகும். அந்த உபாதையை மணத்தோடு சேர்த்து ஆடு நினைவில் வைத்துக்கொள்கிறது. குட்டி தாயைப் பார்த்துக் கற்கிறது. பத்தாயத்தில் நொச்சி இலை போட்டால் வண்டு அண்டாததும் இந்த எண்ணெயால்தான்.

அமெரிக்காவின் மேற்குப் புல்வெளிகளில் சேஜ்பிரஷ் என்ற மணப்புதரும் இப்படித்தான் தன்னைக் காத்துக்கொள்கிறது. ஆனால் அங்குள்ள சேஜ் குரௌஸ் என்ற காட்டுப்பறவை, குளிர்காலத்தில் ஏறக்குறைய அந்த இலையை மட்டுமே தின்று வாழ்கிறது. ஓர் உயிருக்கு ஒவ்வாதது இன்னொன்றுக்கு உணவாகலாம்.

ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கத்து வறண்ட மலையடிவாரங்களில் ஆடு மேய்ந்த பிறகும் நொச்சி பச்சையாக நிற்பதன் காரணம் இப்போது விளங்கும். வெட்டினாலும் தழைக்கும், ஓடைக்கரை மண்ணைப் பிடித்துக்கொள்ளும், நீலப்பூவுக்குத் தேனீக்கள் வரும். ஆடு விரும்பாத புதரின் மறைவில் முளைக்கும் மற்றக் கன்றுகளும் மேய்ச்சலுக்குத் தப்புவதுண்டு.

ஆகவே நொச்சியை வெட்டி எறியாதீர்கள். ஐப்பசி மழையில் விரல் பருமனான போத்துகளை வேலியோரம் நெருக்கமாக நட்டு, அவை தழைத்த பின் உட்புறம் வேம்பு, வாகைக் கன்றுகளை வையுங்கள். செலவில்லாத வேலி கிடைக்கும்.