வெந்நீர் எங்கே நிற்கிறது?

"வெயிலே இல்லண்ணா, அதான் தண்ணி காயல." மார்கழியில் நெல்லிவாசல்நாட்டிலிருந்து போன் வந்தால் பெரும்பாலும் இதுதான். சோலார் ஹீட்டர் பழுதுபார்க்கத் திருப்பத்தூரிலிருந்து மலையேறுகிறவன் நான். வெயில்மேல் பழிபோடுவதை அவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொள்ள மாட்டேன். இதே ஜவ்வாது மலையில், காவலூரில், 1960களின் கடைசியில் வானியலாளர் வைனு பாப்பு தொலைநோக்கி வைக்க இடம் பிடித்ததே வானம் நன்றாகத் தெரிகிறது என்றுதானே! ஐப்பசி, கார்த்திகை அடைமழையை விட்டுவிடுங்கள். பனி விலகி வெயில் அடித்த நாளிலும் தண்ணீர் சுடவில்லையென்றால், சூடு நடுவழியில் எங்கோ நிற்கிறது.

கண்ணாடிக்குழாய் சோலாரில் மோட்டார் கிடையாது. குழாயில் காய்ந்த தண்ணீர் லேசாகி மேலே தொட்டிக்கு ஏறும். குளிர்ந்தது கனத்துக் கீழே இறங்கும். தொட்டியிலிருந்து குளியலறைக்குத் தள்ளுவது, அதைவிட உயரத்தில் இருக்கும் பச்சைத்தண்ணீர் டேங்கின் அழுத்தம். அதனால் மதியம் மூன்று மணிவாக்கில் கீழே வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டு, மாடியில் தொட்டியை ஒட்டிய பைப்பைப் புறங்கையால் லேசாகத் தொடுங்கள். அங்கே சுட்டு, கீழே பச்சைத்தண்ணீர் வந்தாலோ தண்ணீரே வராவிட்டாலோ கோளாறு பைப்லைனில். அங்கேயே சில்லென்று இருந்தால் கண்ணாடிக்குழாய்களைப் பார்க்க வேண்டும்.

பைப்லைனில் முதல் சந்தேகம் காற்றடைப்பு. கரண்ட் இல்லாமல் டேங்க் ஒருமுறை காலியானால் போதும், காற்று புகுந்துவிடும். மாடிச் சுவரைத் தாண்ட பைப்பை மேலே ஏற்றி இறக்கியிருந்தால் அந்த வளைவில் உட்கார்ந்துகொண்டு நகராது. வெந்நீரும் பச்சைத்தண்ணீரும் ஒரே வாயில் வரும் மிக்சர் குழாய் இருந்தால் அதன் வாயை உள்ளங்கையால் அழுத்தி மூடி, இரண்டு திருகையும் திறந்து கொஞ்ச நேரம் பிடியுங்கள். பச்சைத்தண்ணீர் வெந்நீர் லைனுக்குள் எதிர்த்து ஏறிக் காற்றைத் தொட்டிக்குத் தள்ளும். அது மேலே நிற்கும் காற்றுக்குழாய் வழியாகப் போய்விடும். திரும்பத் திரும்ப வந்தால் வளைவை மாற்றத்தான் வேண்டும். குளவி கூடு கட்டுகிறது என்று அந்தக் காற்றுக்குழாயைத் துணியால் அடைப்பவர்கள் உண்டு. தண்ணீர் இறங்கும்போது உள்ளே காற்று வர வழியில்லாமல் தொட்டியே நசுங்கிவிடும்.

லண்டனில் இருக்கும் என் மைத்துனர் வீட்டில், அறைக்கு அறை சுவரோரம் வெந்நீர் ஓடும் இரும்புப் பலகைகள். ரேடியேட்டர் என்பார்கள். அங்கும் இதே கதைதான். மேல்பாதி சில்லென்றால் காற்று. சின்னச் சாவியால் திருகிச் சீறலை வெளியேற்றி, தண்ணீர் சொட்டியதும் மூடிவிடுவார்கள். அடிப்பகுதி சில்லென்றால் துருச்சேறு.

சேறு நம் மலைக்கும் பொருந்தும். மழைக்காலத்தில் ஓடைத் தண்ணீரை டேங்கில் ஏற்றினால் வண்டல் கண்ணாடிக்குழாயின் அடியில் தங்கும். அடிப்பக்கம் மூடிய குழாய் என்பதால் தொட்டியைக் காலி செய்தாலும் அது வெளியே வராது. ஒவ்வொன்றாகக் கழற்றித்தான் கழுவ வேண்டும்.

குழாய் செத்துவிட்டதா என்று பார்க்க மீட்டர் வேண்டாம். நல்ல குழாய்க்கு இரண்டு சுவர், நடுவே வெற்றிடம். உள்ளே தண்ணீர் கொதித்தாலும் வெளிக்கண்ணாடி அவ்வளவாகச் சுடாது. பக்கத்துக் குழாயைவிட ஒன்று வெளியே வெதுவெதுப்பாக இருந்தால் வெற்றிடம் போயிற்று. அடிமுனையைப் பாருங்கள்: வெள்ளிப்பூச்சு பால் வெள்ளையாக மாறியிருக்கும். விரிசல் கண்ணுக்கே தெரியாமல் இருக்கலாம். அந்த ஒன்றை மட்டும் மாற்றினால் போதும். மொத்த செட்டையும் மாற்றச் சொல்பவரிடம் ஏன் என்று கேளுங்கள். மாற்றும் வேலையை விடியற்காலையில் வைத்துக்கொள்ளுங்கள். வெயிலில் காய்ந்த வெறுங்குழாயில் பச்சைத்தண்ணீர் பட்டால் படீரென்று வெடிக்கும். குரங்கு உடைக்காத குழாயை இப்படி மனிதர் உடைப்பது எனக்கு ஆற்றாமை.

இன்னொன்று. இங்கே பல வீடுகளில் குளியலறை தள்ளி இருக்கிறது. முக்கால் அங்குல பைப் 40 அடி ஓடினால் அதற்குள் மட்டும் சுமார் 3 லிட்டர் ஆறிய தண்ணீர் நிற்கும். அது தீருமுன் திருகை மூடிவிட்டு என்னைக் கூப்பிடுகிறார்கள். அதை ஒரு பக்கெட்டில் பிடித்து மாட்டுக்கு வைத்துவிட்டு, பிறகு கையை நீட்டிப் பாருங்கள். அப்போதும் சுடாவிட்டால் போன் செய்யுங்கள்.