மார்பகப் புற்றுநோய் பற்றி இளம் பெண்களுக்குக் கற்பித்தல்

இந்தியப் பெண்களைப் பீடிக்கும் புற்றுநோய்களுள் இன்று முதலிடம் பெற்றிருப்பது மார்பகப் புற்றுநோயாகும். சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தின் மதிப்பீட்டின்படி, 2022ஆம் ஆண்டில் இந்நாட்டில் சுமார் 1,92,000 பெண்களுக்கு இந்நோய் புதிதாகத் தோன்றியது. அதே ஆண்டில் சுமார் 98,000 பேர் இதனால் உயிர் நீத்தனர். இவ்வளவு பேர் மாள்வதற்கு முதன்மையான காரணங்களுள் ஒன்று, நோய் முற்றிய பின்னரே பலர் மருத்துவரை நாடுவதாகும். இக்காலதாமதத்தைக் குறைப்பதில் ஆசிரியர்களுக்கும் சுகாதார ஊழியர்களுக்கும் பெரும் பங்கு உண்டு.

இளம் பெண்களுக்கு ஏன்?

வயது ஏற ஏறவே இந்நோய் வரும் வாய்ப்பு மிகுகின்றது. முப்பது வயதுக்குட்பட்டோரிடம் இது அரிது. அங்ஙனமாயின் இளம் பெண்களுக்கு இதனைக் கற்பிப்பானேன் என்ற வினா எழக்கூடும். அதற்குக் காரணங்கள் மூன்று. முதலாவது, இளமையில் வரும் புற்று பெரும்பாலும் விரைந்து வளரும் தன்மையது. ஆனால் அவ்வயதில் அதனை எவரும் எளிதில் ஐயுறுவதில்லை. இரண்டாவது, தன் உடலை நாணமின்றிக் கவனிக்கும் பழக்கம் இளமையில் படிவதே நிலைக்கும். மூன்றாவது, பள்ளியிற் கேட்டதை ஒரு மாணவி வீட்டில் சொல்லுங்கால், அச்செய்தி நோய் வரத்தக்க வயதிலுள்ள தாய்க்கும் அத்தைக்கும் பாட்டிக்கும் சென்று சேருகின்றது.

நோயின் தன்மை

மார்பகத்தில் பால் சுரக்கும் சுரப்பிகளும், அப்பாலைக் காம்புக்குக் கொண்டுவரும் நாளங்களும் உள்ளன. இவற்றின் உயிரணுக்கள் கட்டுப்பாடின்றிப் பெருகுவதே மார்பகப் புற்றாகும். காலப்போக்கில் அவை நிணநீர் வழியாக அக்குளுக்கும், இரத்தத்தின் வழியாக எலும்பு, நுரையீரல், கல்லீரல் ஆகிய உறுப்புகளுக்கும் பரவக்கூடும்.

தொடக்கத்தில் இந்நோய் பெரும்பாலும் வலிப்பதில்லை என்பதனை முதலிற் கற்பித்தல் வேண்டும். 'நோகவில்லை, ஆகவே ஒன்றுமில்லை' என்று எண்ணியே பலர் மாதங்களைப் போக்கிவிடுகின்றனர். இது தொற்றுநோயன்று. மார்பில் அடிபடுவதாலோ இறுக்கமான உள்ளாடை அணிவதாலோ இது உண்டாவதில்லை. நோயுற்றோரில் ஏறக்குறைய நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேரிடம் இது பரம்பரையாக வந்ததாக இருக்கும். அவ்வியல்பு தந்தை வழியிலும் வரலாம். எனவே, தாய்வழியிலோ தந்தைவழியிலோ நெருங்கிய உறவினர் இளவயதில் இந்நோய்க்கு ஆளாகியிருப்பின், அக்குடும்பத்துப் பெண்கள் முன்கூட்டியே மருத்துவரின் ஆலோசனையைப் பெறுதல் நலம்.

இளம் பெண்களின் மார்பில் தோன்றும் கட்டிகளில் மிகப் பெரும்பாலானவை புற்றல்ல. விரல் பட்டால் கோலிக்குண்டு போல் நழுவும் நார்க்கட்டியே அவர்களிடம் அதிகமாகக் காணப்படுவது. மாதவிடாய்க்கு முன் மார்பு கனத்து நோவதும் இயல்பே. எனினும், ஒரு கட்டி எத்தகையது என்பதை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவரேயன்றி, அப்பெண்ணோ அண்டை வீட்டாரோ சுகாதார ஊழியரோ அல்லர்.

அறியவேண்டிய மாறுதல்கள்

கீழ்க்கண்ட மாறுதல்களுள் எது தோன்றினும் மருத்துவரிடம் காட்டவேண்டும்: மார்பிலோ அக்குளிலோ புதிதாகத் தோன்றிய கட்டி அல்லது தடிப்பு, ஒரு மார்பின் அளவிலோ வடிவிலோ புதிய மாறுதல், தோலில் குழி, சுருக்கம், அல்லது ஆரஞ்சுத் தோலைப் போன்ற சொரசொரப்பு, காம்பு புதிதாக உள்ளிழுத்துக்கொள்ளுதல், காம்பில் ஆறாத புண், காம்பிலிருந்து தானாகவே இரத்தமோ நீரோ கசிதல், அக்குளில் நெறி கட்டுதல்.

பால் கட்டும் புற்றும்

கர்ப்பிணிகளையும் கைக்குழந்தையுடைய தாய்மாரையும் சந்திக்கும் ஊழியர்கள் இதனைத் தனியே கவனித்தல் வேண்டும். அக்காலத்தில் மார்பில் ஏதேனும் திரண்டால், 'பால் கட்டிக்கொண்டது' என்று வீட்டிலுள்ளோர் கருதுவது வழக்கம். பெரும்பாலும் அது உண்மையே. குழந்தைக்குப் பால் கொடுத்துவர அது கரைந்துபோகும். சிவந்து, நொந்து, காய்ச்சலும் வருமாயின் அது சீழ்க்கட்டியாக மாறாதிருக்க உடனே மருந்து தேவை. ஆனால் இரண்டு வாரங்களாகியும் கரையாத கட்டியைப் பால் கட்டென்று விட்டுவிடலாகாது. கர்ப்பகாலத்திலும் பாலூட்டும் காலத்திலும் அல்ட்ராசவுண்டு பரிசோதனைக்கோ, ஊசியால் திசு எடுத்துச் சோதிப்பதற்கோ தடையில்லை. தாய்ப்பாலூட்டுதல் இந்நோய் வரும் வாய்ப்பை ஓரளவு குறைக்கின்றது என்பது மெய். ஆயினும் அது முழுப் பாதுகாப்பு ஆகாது.

ஆராய்ச்சிகள் உணர்த்துவன

சீனத்தின் ஷாங்காய் நகரில் நெசவாலைகளைச் சேர்ந்த சுமார் 2,66,000 பெண்களைக் கொண்டு 1989ஆம் ஆண்டு ஓர் ஆராய்ச்சி தொடங்கப்பட்டது. அவர்களுள் ஒரு சாராருக்கு மார்பைத் தாமே முறைப்படி தடவிச் சோதிக்கும் பயிற்சி அளிக்கப்பட்டது. 2002இல் வெளியான முடிவுகளின்படி, பயிற்சி பெற்றோரிடையே இறப்பு குறையவில்லை. புற்றல்லாத கட்டிகளுக்காகச் செய்த அறுவைகளே மிகுந்தன. ஆகவே, மாதந்தோறும் அச்சத்துடன் கட்டியைத் தேடும் சடங்காக இதனை இளம் பெண்களுக்குப் போதித்தல் தகாது. குளிக்கும்போதும் உடுத்தும்போதும் தன் இயல்பு எது என்று அறிந்திருத்தலும், அவ்வியல்பு மாறினால் தாமதியாது சொல்லுதலுமே போதும்.

மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை 1998இல் தொடங்கிய ஆராய்ச்சியில் 35 முதல் 64 வயது வரையிலான சுமார் 1,51,000 பெண்கள் பங்குகொண்டனர். ஒரு பகுதியினரை, பயிற்சி பெற்ற சுகாதார ஊழியர்கள் இரண்டாண்டுக்கு ஒருமுறை தம் கைகளால் பரிசோதித்தனர். 2021இல் வெளியான முடிவுகளின்படி, அவர்களிடம் நோய் முன்னதாகவே கண்டறியப்பட்டது. ஐம்பதும் அதற்கு மேலும் வயதுடையோரிடம் இறப்பு ஏறக்குறைய நூற்றுக்கு முப்பது பங்கு குறைந்தது. ஐம்பதுக்குட்பட்டோரிடம் அத்தகைய தெளிவான குறைவு காணப்படவில்லை. எனவே இளம் பெண்களைப் பொறுத்தமட்டில், அறிகுறியை அறிந்து விரைந்து செல்லுதலே பயனுள்ள வழியாகும். 2016இல் மத்திய அரசு வகுத்த நெறிமுறைகளின்படி, 30 முதல் 65 வயது வரையுள்ள பெண்களை ஐந்தாண்டுக்கு ஒருமுறை பயிற்சி பெற்றோர் பரிசோதிக்க வேண்டும். மாணவிகள் தம் தாய்மாருக்குச் சொல்லவேண்டிய செய்தி இது.

கற்பிக்கும் முறை

பள்ளிகளில் ஆசிரியை ஒருவர், உடல் வளர்ச்சி பற்றிய பாடத்தின் பகுதியாகவே இதனைக் கூறலாம். அச்சுறுத்தும் படங்களைத் தவிர்த்தல் வேண்டும். மடித்த துணியின் அடியில் ஒரு புளியங்கொட்டையை வைத்து, விரல் நுனியால் அன்றி விரல்களின் தட்டையான பகுதியால் அழுத்தித் தேடச் செய்தால், கட்டி எவ்வாறு தென்படும் என்பது விளங்கும். 'கட்டி எல்லாம் புற்றன்று. ஆனால் எக்கட்டியையும் காட்டாமல் விடலாகாது' என்பதே பாடத்தின் சாரம். இதனை யாரிடம் முதலில் சொல்வாய் என்று ஒவ்வொரு மாணவியும் எண்ணிப்பார்க்கும்படி கேட்டலும் நன்று.

கிராமங்களில் பெண்ணிடம் மட்டும் பேசினால் போதாது. பயணத்தையும் செலவையும் முடிவு செய்வோர் கணவரும் மாமியாருமாகவே பல வீடுகளில் இருக்கின்றனர். 'மார்பை எடுத்துவிடுவார்களோ' என்ற அச்சம் பலரைத் தடுத்து நிறுத்துகின்றது. தொடக்க நிலையில் வந்தால் பலருக்குக் கட்டியையும் அதைச் சூழ்ந்த சிறு பகுதியையும் மட்டும் அகற்றி, பின்னர்க் கதிரியக்கச் சிகிச்சை அளிப்பது போதுமானதாகும். முழு மார்பையும் அகற்றுவதற்கு ஒப்பான ஆயுளை அம்முறையும் தருகின்றது. இவ்வுண்மையை இருவர்க்கும் சேர்த்தே எடுத்துரைத்தல் வேண்டும்.

உலக சுகாதார ஸ்தாபனம் 2021இல் வகுத்த திட்டத்தில், முதன்முதல் மருத்துவரிடம் வந்த 60 நாட்களுக்குள் நோய் இன்னதென்று தீர்மானிக்கப்பட வேண்டும் என்பது ஓர் இலக்காகும். ஆகவே ஊழியர், மாறுதல் முதலில் தென்பட்ட நாள், மருத்துவமனைக்கு அனுப்பிய நாள், முடிவு வந்த நாள் ஆகிய மூன்றையும் தம் ஏட்டிற் குறித்துக்கொள்ள வேண்டும். அனுப்பியவர் சென்றாரா என்று இரண்டு வாரங்களுக்குள் மீண்டும் அவ்வீட்டுக்குச் சென்று கேட்க வேண்டும். செல்லவில்லையெனில் காரணம் நாணமா, பணமா, துணையின்மையா என்று அறிந்து, அதற்கேற்ற உதவியைச் செய்தலே அவர்தம் கடமையாகும்.