நகர நீர்நிலைகளும் காட்டுயிர் ஒளிப்படமும்

நுழையும்முன்

காட்டுயிர் என்றதும் முதுமலை யானையும் முண்டந்துறைப் புலியும் நினைவுக்கு வருகின்றன. தாம்பரத்து ஏரிக்கரையில் நிற்கும் நத்தைகுத்தி நாரையும், தெருவோர மின்கம்பியில் அமர்ந்திருக்கும் கரிச்சானும் காட்டுயிர்களே. நகரத்தில் வாழும் இவ்வுயிர்களைப் படமெடுப்பதன் பயனையும் அதற்குரிய அறத்தையும் இப்பாடம் விளக்குகிறது.

நீர்வழியே உயிர்வழி

தென்சென்னைப் புறநகர், ஏரிகளால் பின்னப்பட்ட நிலம். சேலையூர், செம்பாக்கம், நன்மங்கலம் முதலிய ஏரிகளின் மிகைநீர் படிப்படியாக வழிந்து பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை அடைகிறது; அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் கலக்கிறது. மேற்கே முடிச்சூரை ஒட்டி அடையாறு பாய்கிறது.

நீரின் ஆழத்திற்கேற்பப் பறவைகள் இடங்கொள்கின்றன. ஆழமற்ற நீரில் நெடுங்கால் உள்ளான் இரைதேடுகிறது. கோரைப்புதரில் நீலத் தாழைக்கோழி கூடு கட்டுகிறது. சற்று ஆழமான நீரில் முக்குளிப்பான் மூழ்கி எழுகிறது. ஆதலின், ஒரு பறவையின் படம் அந்நீர்நிலையின் நிலையையும் உணர்த்துகிறது.

முன்னோடி

இத்துறையில் குறிப்பிடத்தக்கவர் மா. கிருஷ்ணன் (1912–1996). இவர் ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் மகன். பல கருவிகளின் உறுப்புகளை இணைத்துத் தாமே அமைத்த ஒளிப்படக் கருவியால் கறுப்பு வெள்ளைப் படங்களை எடுத்தார். யானைகளைத் தேடிக் காடுகளில் அலைந்த அவரே, சென்னையில் கண்ட காகம், அணில், பல்லி ஆகியவற்றைப் பற்றியும் அதே ஈடுபாட்டுடன் எழுதினார். 1950 முதல் இறக்கும்வரை ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் அவருடைய இயற்கைப் பத்தி வெளிவந்தது. பத்மஸ்ரீ விருது பெற்றார். அரிய உயிர் மட்டுமே காணத்தக்கது என்னும் எண்ணத்தை அவருடைய பணி மாற்றியது.

படமெடுக்கும் முறையும் அறமும்

காலை, மாலைச் சாய்வொளியில் இறகின் நுட்பம் தெளிவாகப் புலப்படும். பறவையின் கண்மட்டத்திற்குத் தாழ்ந்து எடுத்த படம் உயிர்ப்புடன் விளங்கும். பறவையை மட்டும் நெருக்கமாகக் காட்டாமல், பின்னணியிலுள்ள கட்டடத்தையும் குப்பைமேட்டையும் சேர்த்தெடுத்தால் அதன் வாழ்க்கைச் சூழல் விளங்கும்.

படத்தினும் உயிர் பெரிது. கூட்டை நெருங்கினால் தாய்ப்பறவை அஞ்சி விலகும். முட்டையும் குஞ்சும் வெயிலுக்கும் காகத்திற்கும் இரையாகக்கூடும். பறக்கும் காட்சிக்காகக் கல்லெறிந்து கலைத்தால், வலசை வந்த பறவை பயணத்திற்காகச் சேமித்த ஆற்றலை இழக்கும். பறவை இரையுண்பதை நிறுத்தித் தலைதூக்கி நோக்குமாயின், அங்கேயே நின்றுவிடுதல் வேண்டும்.

சான்றாகும் படம்

கோடையில் வறண்டு கிடக்கும் ஏரியைப் பயனற்ற நிலம் என்று கருதுவோர் உளர். அதே இடத்தில் மார்கழியில் நாரைகள் நிற்கும் படம், அது நீர்நிலை என்பதை மெய்ப்பிக்கும். நாளும் இடமும் குறிக்கப்பட்ட படமே சான்றாகும். அவை இல்லாதது வெறும் அழகுப் படமாகவே நின்றுவிடும்.

பள்ளிக்கரணையின் பெரும்பகுதி குப்பைக்கும் சாலைக்கும் கட்டடத்திற்கும் இடமாயிற்று. எஞ்சியதில் ஒரு பகுதி 2007இல் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2015 திசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வரதராசபுரம் பகுதிகளின் வீடுகளில் நீர் புகுந்தது. நீருக்குரிய இடம் சுருங்கினால் பறவைக்கும் மனிதருக்கும் ஒருங்கே இடரே. பறவைக்காக ஏரியைக் காப்பது, அதன் கரையில் வாழும் மக்களையும் காப்பதாகும்.

தெரியுமா?

ஈர நிலங்களைக் காக்கும் பன்னாட்டு உடன்படிக்கை 1971இல் ஈரானின் ராம்சர் நகரில் உருவானது. பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் (1247.54 எக்டேர்) 2022இல் அதன் பட்டியலில் இடம்பெற்றது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பகுதி நீர்நிலை ஒன்றைத் திங்களுக்கு ஒருமுறை ஒரே இடத்திலிருந்து படமெடுத்து, நாளும் கண்ட உயிர்களும் குறித்து ஓராண்டுத் தொகுப்பு உருவாக்குக.

2. ‘படத்தினும் உயிர் பெரிது’ என்னும் தலைப்பில் வகுப்பில் கலந்துரையாடுக.