பணி நியமனக் கடிதம்: ஒரு பாடவேளைக்கான கற்பித்தல் குறிப்பு

சில மாதங்களுக்கு முன் என் முன்னாள் மாணவர் ஒருவர் பள்ளிக்கு வந்தார். மேல்நிலைக் கல்வி முடித்து ஒரு கடையில் எட்டு மாதங்கள் வேலை பார்த்தவர். நின்றபோது கடைசி மாதச் சம்பளம் தரப்படவில்லை. கேட்டதற்கு, "நீ இங்கே வேலை பார்த்ததற்கு என்ன அத்தாட்சி?" என்றாராம் முதலாளி. அவர் கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. "சார், நம்ம பள்ளியிலிருந்து ஏதாவது எழுதித் தர முடியுமா?" என்று கேட்டார். அந்தக் கேள்விதான் இப்பாடத்தைத் தயாரிக்க வைத்தது.

ஒன்பதாம் வகுப்பு முதல் குடிமையியல் பாடவேளையில் இதை நடத்தலாம்.

தொடக்கம்

உள்ளூர் வரலாற்றிலிருந்து தொடங்குங்கள். 1936 ஜூலை 30 அன்று புதுச்சேரியில் உரிமை கேட்டுப் போராடிய ஆலைத் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சு அரசு துப்பாக்கிச் சூடு நடத்தியது. 12 பேர் உயிரிழந்தனர். அடுத்த ஆண்டு 8 மணி நேர வேலை சட்டமானது. காரைக்காலும் அன்று அதே பிரெஞ்சு ஆட்சியின் கீழ் இருந்தது. வேலை நேரம் முதலாளியின் விருப்பமன்று, சட்டம் என்பதை மாணவர்கள் இதிலிருந்து உணர்வார்கள்.

கரும்பலகையில் எழுத வேண்டியவை

நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளன. அவற்றின்படியும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியும் வேலை தருபவரின் முக்கியக் கடமைகள்:

1. 10 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனம், ஒவ்வொருவருக்கும் நியமனக் கடிதம் தர வேண்டும்.
2. மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் வழங்க வேண்டும். சம்பளச் சீட்டும் தர வேண்டும்.
3. ஒருவர் வேலையை விட்டாலோ நீக்கப்பட்டாலோ, 2 வேலை நாட்களுக்குள் பாக்கியைத் தீர்க்க வேண்டும்.
4. 300 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ள தொழிற்சாலையில் விடுப்பு, ஒழுங்கு நடவடிக்கை போன்றவற்றுக்கு எழுதப்பட்ட நிலையாணைகள் வேண்டும்.
5. 10 அல்லது அதற்கு மேற்பட்டோர் உள்ள இடத்தில் பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு அமைக்க வேண்டும். அதற்கும் குறைவானவர்கள் உள்ள இடங்களுக்கு மாவட்ட அளவில் குழு உண்டு. சம்பவம் நடந்த 3 மாதங்களுக்குள் புகார் தர வேண்டும். மாணவிகளிடம் இதைத் தயங்காமல் சொல்லுங்கள்.

சம்பளம் கொடுக்கவில்லை என்று புகார் எழுந்தால், கொடுத்துவிட்டதாக நிரூபிக்கும் பொறுப்பு முதலாளிக்கே உரியது. ஆனால் அங்கே வேலை பார்த்தோம் என்பதைக் காட்ட நம்மிடம் ஏதேனும் இருக்க வேண்டும். கடிதத்தின் மதிப்பு அங்கேதான்.

செயல்பாடு

வகுப்பை ஐந்து குழுக்களாகப் பிரியுங்கள். ஒவ்வொரு குழுவும் ஒரு ஜவுளிக்கடைக்கு நியமனக் கடிதம் எழுதட்டும்: பெயர், பணி, சேரும் நாள், சம்பளம், வேலை நேரம், வார விடுமுறை, விலகுவதற்கான முன்னறிவிப்புக் காலம். பிறகு கடிதங்களை மாற்றிக்கொண்டு, "இதில் நீங்கள் கையெழுத்திடுவீர்களா?" என்று கேளுங்கள். என் வகுப்பில் ஒரு குழு வார விடுமுறையையே மறந்துவிட்டது. அதை அடுத்த குழுவின் மாணவி ஒருவர்தான் கண்டுபிடித்தார்.

மதிப்பீடு

கடிதம் தராத இடத்தில் வேலை பார்க்க நேர்ந்தால் எவற்றைச் சேமித்து வைப்பீர்கள்? வருகைப் பதிவின் படம், வங்கிக் கணக்கில் சம்பளம் வரவான பதிவு, அடையாள அட்டை, கைப்பேசியில் வந்த பணிச் செய்திகள் ஆகியவற்றை மாணவர்களே சொல்லும்வரை காத்திருங்கள்.

அந்த மாணவரின் கைப்பேசியிலும் முதலாளி அனுப்பிய செய்திகள் இருந்தன. அவை சான்றாகும் என்று அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. அவற்றை அச்சிட்டு மனுவுடன் இணைத்து, தொழிலாளர் துறை அலுவலகத்துக்கு அனுப்பி வைத்தேன்.

ஆசிரியர்களாகிய நாம் நம் நியமன ஆணையைப் பல ஆண்டுகளாகப் பத்திரப்படுத்தி வருகிறோம். பாடம் நடத்தும் நாளில் அதன் நகலை வகுப்புக்கு எடுத்துச் செல்லுங்கள். வேலைக்குச் செல்லும் நம் பிள்ளைகளும் அப்படி ஒரு தாளைக் கேட்டுப் பெறப் பழகட்டும்.

— அரசுப் பள்ளி ஆசிரியர், குரும்பகரம், காரைக்கால்