சோற்றைக் குறைத்தோம், சேர்ந்து நடந்தோம்

உடல் எடை பற்றி நம் கிளைகளில் பேச்சு எடுத்தாலே பாதிப் பேர் சிரிப்பார்கள், மீதிப் பேர் தட்டைப் பார்ப்பார்கள். நான் மருத்துவ மாணவன் இல்லை. இயந்திரப் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஆனால் உள்ளே போவது எவ்வளவு, வெளியே வருவது எவ்வளவு, தங்கி நிற்பது எவ்வளவு என்று கணக்குப் போடுவதுதான் எங்கள் படிப்பு. அந்தக் கணக்கை நம் சாப்பாட்டுத் தட்டுக்குக் கொண்டுவந்தால் என்ன தெரிகிறது என்பதுதான் இந்தப் பாடம். கிளையில் ஒன்பது பேர் சேர்ந்து 14 வாரம் செய்து பார்த்த பிறகு எழுதுகிறேன்.

முதலில் ஏன் இது நம்ம பிரச்சினை என்று பார்ப்போம். 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 50.1 விழுக்காட்டினர் அதிக எடை அல்லது உடல் பருமன் உள்ளவர்கள். 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர். இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்கள்தான் முதலிடம், ஏறக்குறைய மூன்று பேரில் ஒருவருக்கு. எங்கள் குழுவில் ஒரு தம்பியின் அப்பா வாரம் மூன்று முறை டயாலிசிஸ் போகிறார். இந்த நாட்டில் புதிதாக டயாலிசிஸ் தொடங்குபவர்களுக்கு முதல் காரணம் இனிப்பு நீர்தான். அந்தத் தம்பிக்கு வயது 21. கிளினிக்கில் எச்பிஏ1சி சோதனை செய்தபோது 6.0 வந்தது. இன்னும் நோய் இல்லை, வாசலில் நிற்கிறது என்று அர்த்தம். குழு தொடங்கியதே அந்தச் சோதனைத் தாளைப் பார்த்த பிறகுதான்.

இன்னொரு விஷயம். பிஎம்ஐ 25 வரை பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டு இருக்காதீங்க. ஆசிய மக்களுக்கு 23லிருந்தே ஆபத்து கூடத் தொடங்குகிறது, 27.5க்கு மேல் ஆபத்து அதிகம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் சொன்னது. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செண்டிமீட்டர், பெண்களுக்கு 80. தையல் டேப் போதும், தொப்புள் மட்டத்தில் மூச்சை உள்ளே இழுக்காமல் அளக்கணும். (மூச்சை இழுக்காதவரை நான் இன்னும் பார்க்கவில்லை.)

மாவுச்சத்தைக் குறைப்பது புது மோகம் அல்ல. லண்டனில் வில்லியம் பேண்டிங் என்ற சவப்பெட்டி வியாபாரி ரொட்டி, சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு எல்லாம் விட்டு எடை குறைந்ததை 1863இல் சிறு நூலாகவே எழுதினார். 1972இல் அமெரிக்க மருத்துவர் அட்கின்ஸ் எழுதிய புத்தகத்தால் இது உலகம் முழுவதும் பரவியது. அதன் அடிப்படை எளிது. சோறு, ரொட்டி, சீனி எல்லாம் வயிற்றில் குளுக்கோஸாக மாறி இரத்தத்துக்கு வருகிறது. அதை உயிரணுக்களுக்குள் அனுப்ப இன்சுலின் சுரக்கிறது. இன்சுலின் உயர்ந்திருக்கும் நேரத்தில் உடல் கொழுப்பைச் சேமிக்கும், எடுத்துச் செலவு செய்யாது. மாவுச்சத்து குறைந்தால் இன்சுலின் இறங்கும், சேமிப்பைத் திறக்க வழி பிறக்கும். அதோடு முட்டை, மீன், பருப்பு மாதிரியான புரதம் வயிற்றில் நீண்ட நேரம் நிற்பதால் பசியும் குறைகிறது.

அப்படியானால் கலோரிக் கணக்கு பொய்யா? இல்லவே இல்லை. 2018இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தினர் 609 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குக் கொழுப்பு குறைந்த உணவும் மறு பாதிக்கு மாவுச்சத்து குறைந்த உணவும் கொடுத்து ஓராண்டு கவனித்தார்கள். கொழுப்பைக் குறைத்தவர்கள் சராசரி 5.3 கிலோ, மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 6.0 கிலோ இறங்கினார்கள். பெரிய வித்தியாசமே இல்லை. எந்த முறையை நீங்கள் விடாமல் பிடிப்பீர்களோ அதுதான் உங்கள் முறை. எங்களைப் போல மூன்று வேளையும் சோறும் மாவும் சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு எங்கே வெட்டினால் அதிகம் குறையும் என்று பார்த்தோம். மாவுச்சத்துதான் கண்ணுக்கு முன்னால் நின்றது.

பாருங்கள். 100 கிராம் வெந்த சோற்றில் ஏறக்குறைய 28 கிராம் மாவுச்சத்து. விடுதி உணவகத்தில் வைக்கும் சோற்றை நான் தராசில் வைத்துப் பார்த்தேன், 310 கிராம். அதாவது ஒரு வேளைக்கே 87 கிராம். தே தாரிக்கில் ஊற்றும் கெட்டிப்பாலில் மேசைக்கரண்டிக்கு ஏறக்குறைய 10 கிராம் சர்க்கரை. எத்தனை கரண்டி ஊற்றுகிறார்கள் என்று கடையில் நின்று பார்த்தால் உங்களுக்கே தெரியும். காலையில் இரண்டு ரொட்டி சானாய், ஒரு தே தாரிக் சாப்பிட்டால், மதியம் வருவதற்குள் 100 கிராமைத் தாண்டிவிடுவோம். நாள் முழுவதற்கும் 130 கிராமுக்குக் கீழே இருந்தால்தான் மாவுச்சத்து குறைந்த உணவு என்று பொதுவாகச் சொல்வார்கள். 50க்குக் கீழே போவது கீட்டோ. நாங்கள் கீட்டோ பக்கம் போகவில்லை. தோசையே இல்லாத வாழ்க்கையைப் பதினான்கு வாரம் யார் தாங்குவது? 100 முதல் 120 வரை என்று வைத்துக்கொண்டோம்.

இங்கே ஒரு பெரிய தவறான எண்ணத்தைச் சொல்லியே ஆகணும். 'நான் சோறு சாப்பிடறதில்ல, ராத்திரி சப்பாத்திதான்' என்று நம் மாமாக்கள் பெருமையாகச் சொல்வார்கள். கோதுமை மாவில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 70 கிராம் மாவுச்சத்து, அரிசியில் ஏறக்குறைய 80. கேழ்வரகும் கோதுமைக்குப் பக்கத்தில்தான். நார்ச்சத்து கூடுதல், அது நல்லதுதான். ஆனால் நாலு சப்பாத்தி சாப்பிட்டுவிட்டு மாவுச்சத்தைக் குறைத்தேன் என்று சொன்னால் கணக்கு ஒத்துக்கொள்ளாது.

எங்கள் தட்டு எப்படி மாறியது என்றால், சோறு ஒரு கைப்பிடி, 100 கிராம். பாதித் தட்டு கீரை, கங்கோங், வெண்டைக்காய், புடலங்காய், முட்டைக்கோஸ். மீதி இடத்தில் மீன், கோழி, முட்டை அல்லது தௌஃபு, தெம்பே. தெம்பே பற்றி ஒரு வார்த்தை: 100 கிராமில் ஏறக்குறைய 19 கிராம் புரதம், விலையும் மலிவு, பாசார் மாலாமில் கூடக் கிடைக்கும். ஆனாலும் நம் வீடுகளில் ஏனோ அதைச் சீண்டுவதில்லை. மிளகுத் தூள் போட்டுப் பிரட்டிச் சாப்பிட்டுப் பாருங்கள். மாமாக் கடையில் 'தே ஓ கொசோங்' சொல்லப் பழகினோம். முதல் நான்கு நாள் கசக்கும், அப்புறம் சீனி போட்டதுதான் திகட்டும்.

முதல் வாரத்தில் எனக்கு 2.6 கிலோ குறைந்தது. குழுவே கொண்டாடியது. அது கொழுப்பு இல்லை, தண்ணீர். கல்லீரலிலும் தசையிலும் ஏறக்குறைய 500 கிராம் கிளைக்கோஜன் சேமிப்பாக இருக்கும். அதன் ஒவ்வொரு கிராமோடும் மூன்று கிராம் தண்ணீர் ஒட்டியிருக்கும். மாவுச்சத்து குறைந்ததும் சேமிப்பும் தண்ணீரும் சேர்ந்து வெளியேறுகின்றன. ஒரு கிலோ கொழுப்பு என்பது ஏறக்குறைய 7,700 கலோரி. வாரத்துக்கு அரை கிலோ கரைய தினமும் 550 கலோரி பற்றாக்குறை வேண்டும். அதனால் இரண்டாவது வாரம் 400 கிராம்தான் குறைந்தது என்று யாரும் மனசு உடையக் கூடாது; உண்மையான வேலை அப்போதுதான் ஆரம்பிக்கிறது. அந்த முதல் வாரத்தில் தலைவலி, சோர்வு வரலாம். இன்சுலின் குறையும்போது சிறுநீரகம் உப்பையும் வெளியே தள்ளுவதுதான் காரணம். உப்பு போட்ட மோர், தெளிந்த ரசம் இரண்டும் இதற்கு மருந்து மாதிரி.

உடற்பயிற்சிக்கு வருவோம். சனிக்கிழமை காலை ஏழு மணிக்குப் பத்துமலை. 272 படி. ஒரு படி 17 செண்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் 46 மீட்டர் உயரம். 80 கிலோ ஆள் ஏறினால் 36 கிலோஜூல், அதாவது 9 கலோரிகூட இல்லை! தசையின் திறன் நூற்றுக்கு இருபது சொச்சம்தான் என்பதால் உடல் செலவழிப்பது ஏறக்குறைய 40 கலோரி. ஒரு ரொட்டி சானாய் ஏறக்குறைய 300 கலோரி. ஏழெட்டுத் தடவை ஏறணும். 'ஏறி இறங்கினேன், அதனால ரெண்டு ரொட்டி சாப்பிடலாம்' என்று இனி யாரும் சொல்ல முடியாது. இடை குறைவது பெரும்பாலும் தட்டில்தான். பயிற்சி தசையைக் காப்பாற்றவும் இதயத்துக்கும் இரத்தச் சர்க்கரைக்கும். வேலை செய்யும் தசை குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும் என்பதால் சாப்பிட்ட பிறகு பதினைந்து நிமிட நடைகூட வீண் போகாது. வாரத்துக்கு 150 நிமிட மிதமான பயிற்சி, இரண்டு நாள் தசைப் பயிற்சி என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. செவ்வாய், வியாழன் மாலை திடலில் தண்டால், சூரிய நமஸ்காரம், தோப்புக்கரணம் செய்தோம். பிள்ளையாருக்குப் போடுவதைவிட ஆழமாக உட்காரணும், அவ்வளவுதான். பத்துமலை கோயில் என்பதை மறக்காமல் ஓரமாக ஏறினோம். பக்தர்களுக்கு வழிவிட்டோம், பாட்டுப் போடவில்லை.

சேர்ந்து செய்வதில் பலன் உண்டு, சிக்கலும் உண்டு. மழை பெய்யும் சனிக்கிழமையில் தனியாக இருந்தால் போர்வையை இழுத்துக்கொள்வோம். கீழே ஒருவர் காத்திருக்கிறார் என்றால் எழுந்துவிடுவோம். ஆனால் புலனக் குழுவில் எல்லாரும் எடையைப் போடணும் என்று ஒருவர் சொன்னபோது அக்கா ஒருவர் உடனே மறுத்தார். சின்ன வயசிலிருந்து உடம்பை வைத்துக் கேலி கேட்டவர் அவர். அவர் சொன்னது சரி. எடையை அவரவர் வைத்துக்கொண்டோம். குழுவில் 'வந்தேன்', 'வரல' மட்டும். வராதவருக்கு அபராதம் என்ற யோசனையும் எடுபடவில்லை. பணம் கட்டினால் கணக்கு முடிந்தது என்று வராமலேயே இருந்துவிடுவார்கள் என்பது என் கருத்து. மூன்று மூன்று பேராகப் பிரிந்து, வராதவருக்கு மற்ற இருவர் போன் செய்தார்கள். ஒன்பதில் இருவர் இடையில் நின்றுவிட்டார்கள். நான் 91லிருந்து 83.5 கிலோவுக்கு வந்தேன். 6.0 இருந்த தம்பிக்கு மூன்று மாதம் கழித்து 5.6.

கவனம். ஏற்கனவே இன்சுலின் அல்லது இனிப்பு நீர் மாத்திரை எடுப்பவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் சோற்றைக் குறைக்கக் கூடாது. மருந்து அதே அளவில் இருந்து மாவுச்சத்து மட்டும் குறைந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். அப்பா அம்மாவை உங்கள் முறையில் சேர்க்க ஆசைப்படுபவர்கள் இதை இரண்டு தடவை படியுங்கள். அரசாங்கக் கிளினிக்கில் ஒரு ரிங்கிட்தான், கூட்டிக்கொண்டு போங்கள்.

வீட்டில் சோறு வேண்டாம் என்று சொன்னால் அம்மா அதைத் தன் சமையலைக் குறை சொன்னதாக எடுத்துக்கொள்வார். நான் 'சோறு வேணாம்'னு சொல்லல. 'கூட்டு இன்னும் கொஞ்சம் வைங்கம்மா' என்று கேட்டேன். சண்டையே வரவில்லை.

கடைசியாகப் புரட்டாசி. மீனும் முட்டையும் இல்லாத மாதம், குழு அங்கேதான் தடுமாறியது. சைவம் என்றாலே உருளைக்கிழங்கு பிரட்டல், வடை, பாயசம் என்று ஆகிவிடுகிறது. பனீர், தௌஃபு, தெம்பே, தயிர், வேர்க்கடலை வைத்துச் சமாளித்தோம். பருப்பில் புரதமும் உண்டு, மாவுச்சத்தும் உண்டு. ஒரு கரண்டி சாம்பாரையும் கணக்கில் சேர்க்கணும். சனிக்கிழமை பெருமாள் கோயில் அன்னதானத்தில் வாழையிலையில் சோற்றை வைத்த பிறகு மிச்சம் வைப்பது நம் வழக்கத்துக்கு அழகல்ல. அதனால் சமையலறையில் இருந்த அக்காவிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டோம். எங்கள் வரிசைக்குச் சோறு குறைவாகவும், கீரையும் முட்டைக்கோஸ் பொரியலும் இரண்டு கரண்டி கூடுதலாகவும் வைத்தார். பாயசம் மட்டும் பிரசாதம்னு சொல்லி அரைக் கரண்டி ஊத்தினாங்க, குடிச்சோம்.