பம்பு பேசுகிறது

கிறீச்! கிறீச்!

உங்கள் ஊர் அடிபம்பு இப்படிச் சத்தம் போடுகிறதா? "எனக்குக் கிரீஸ் போடுங்கள்" என்று அது நம்மிடம் கேட்கிறது.

இந்தியாவின் பல கிராமங்களில் இருப்பது 'இந்தியா மார்க் 2' அடிபம்பு. 1970-களில் நம் நாட்டில் உருவானது. இதன் தலைப்பெட்டிக்குள் ஒரு சங்கிலி இருக்கிறது. கைப்பிடியைக் கீழே அழுத்தினால் சங்கிலி இழுக்கும். குழாய்க்குள் இருக்கும் நீளக் கம்பி மேலே வரும். தண்ணீர் கொட்டும்.

சங்கிலி ஏன் அறுகிறது?

இரும்போடு இரும்பு உரசினால் தேயும். ஈரம் பட்டால் துருப்பிடிக்கும். தேய்ந்த சங்கிலி ஒருநாள் அறுந்துவிடும். பிறகு பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு வெகுதூரம் நடக்க வேண்டும்.

கிரீஸ் என்ன செய்கிறது?

கிரீஸில் பெரும்பகுதி எண்ணெய்தான். அதோடு ஒருவகைச் சோப்பும் கலந்திருக்கிறது. பஞ்சு தண்ணீரைப் பிடித்து வைப்பதுபோல, சோப்பு எண்ணெயைப் பிடித்து வைக்கிறது. சங்கிலி உரசும்போது எண்ணெய் சிறிது சிறிதாகக் கசியும். இரும்புக்கும் இரும்புக்கும் நடுவே வழவழப்பான படலமாக நிற்கும். தேய்மானம் குறையும். ஈரமும் எளிதில் அண்டாது.

வெறும் எண்ணெய் போதாதா? போதாது. அது வழிந்து ஓடிவிடும். கிரீஸ் போட்ட இடத்திலேயே ஒட்டிக்கொள்ளும். மாட்டுவண்டி அச்சுக்கு மை போடுகிறோம் அல்லவா? அதுவும் இதே வேலையைத்தான் செய்கிறது.

எப்படிப் போடுவது?

1. மாதம் ஒருமுறை தலைப்பெட்டியின் முன்மூடியைக் கழற்றுங்கள்.
2. கைப்பிடி அசையாமல் ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். இல்லாவிட்டால் விரல் நசுங்கும்.
3. பழைய கிரீஸையும் அழுக்கையும் துணியால் துடையுங்கள். மண் கலந்த கிரீஸ் இரும்பை அராவிவிடும்.
4. சங்கிலி முழுவதும் புதுக் கிரீஸ் தடவுங்கள். கிராஃபைட் கலந்த கிரீஸ் நல்லது. பென்சிலின் நடுவே இருக்கும் கறுப்புப் பொருளில் கிராஃபைட்தான் இருக்கிறது.
5. அளவாகத் தடவுங்கள். அதிகமானால் கிரீஸ் உள்ளே சிந்தும்.
6. மூடியை மாட்டி, போல்ட்டை இறுக்குங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

கைப்பிடியில் இருக்கும் பேரிங்குக்குக் கிரீஸ் போட வேண்டாம். அதற்குள் கிரீஸ் வைத்தே மூடியிருக்கிறார்கள்.

இது ஆண்கள் வேலை என்று நினைக்காதீர்கள். பல ஊர்களில் பெண்களே பம்பு மெக்கானிக்குகளாக இருக்கிறார்கள்.

சிறிதளவு கிரீஸ், சிறிது நேர வேலை. ஊருக்கே தண்ணீர்!

பேசிப் பாருங்கள்

1. கிரீஸ் ஏன் வழிந்து ஓடுவதில்லை?
2. பழைய கிரீஸை ஏன் துடைக்க வேண்டும்?
3. உங்கள் ஊர்ப் பம்புக்குக் கடைசியாக எப்போது கிரீஸ் போட்டார்கள்? இனி யார் போடுவது?